கோர்ட் அமீனா வரல, வாட்ஸ்அப்புல ஆர்டர் வருது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில பதினோரு வருஷமா சம்பளக் கணக்கு பார்க்கறேன். சனிக்கிழமை ஆனா டெய்லருங்களுக்கும் செக்கிங், அயர்னிங் ஆளுங்களுக்கும் வாரச் சம்பளம், ஒண்ணாந்தேதி ஸ்டாஃப் சம்பளம், இதான் என் பொழப்பு. கிரெடிட் கார்டு வசூல் ஆளுங்க வீட்டுக்குப் போய் சத்தம் போட்டாங்கன்னு உங்க பேப்பர்ல அப்பப்ப செய்தி வருது, ஆனா அவங்க எங்கள மாதிரி சம்பளம் போடற மேசைக்கு என்ன அனுப்பறாங்கன்னு யாரும் எழுதி நான் பார்க்கல, அதான் நானே எழுதிடலாம்னு.

போன மாசம் எங்க ஆபீஸ் வாட்ஸ்அப் நம்பருக்கு ஒரு காகிதம் வந்துச்சு. மேல சிங்க முத்திரை, பக்கத்துல தராசு படம், சிவப்பு எழுத்துல சம்பள ஜப்தி உத்தரவுன்னு இங்கிலீஷ்ல. எங்க டிஸ்பாட்ச் தம்பி பேரு கொட்டை எழுத்துல. கார்டு பாக்கி 61,000 ரூபாய், 48 மணி நேரத்துல கட்டலைன்னா கம்பெனி அவன் சம்பளத்த மொத்தமா நிறுத்தணும், நிறுத்தலைன்னா முதலாளி மேலயும் கேஸாம். எந்த ஊர் கோர்ட்டுன்னு இல்ல, கேஸ் நம்பர் இல்ல, சீல் மட்டும் வட்டமா இருக்கு, எவ்வளவு ஜூம் பண்ணாலும் உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்க முடியல. கடைசில ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் பண்ணி உடனே காசு போடுன்னு ஜப்தி ஆர்டர் அனுப்பற கோர்ட்ட நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைங்க.

நிஜ ஆர்டர் என் சர்வீஸ்ல ரெண்டே தடவைதான் வந்திருக்கு, ஒண்ணு ஜீவனாம்ச கேஸ், இன்னொண்ணு சீட்டுப் பண பாக்கி. ரெண்டுலயும் கோர்ட் பேரு, ஈ.பி. நம்பர் (அதாவது நிறைவேற்று மனு நம்பர்), மாசம் எவ்வளவு பிடிக்கணும், எங்க கட்டணும்னு எல்லாம் தெளிவா இருந்துச்சு, கோர்ட் அமீனா, அதாவது கோர்ட் உத்தரவ நேர்ல கொண்டுவர்ற ஊழியர், கைல கொண்டுவந்து கொடுத்து என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. அப்ப எங்க கம்பெனி வக்கீல்கிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் இப்ப நான் எழுதறது.

கார்டு பாக்கிக்கு ஒருத்தர் சம்பளத்துல கை வைக்கணும்னா பேங்க் மொதல்ல சிவில் கோர்ட்ல தாவா போடணும், இல்ல ஆர்பிட்ரேஷன்ல, அதாவது நடுவர் வச்சு விசாரிச்சு, தீர்ப்பு வாங்கணும், அவருக்கு முறையா நோட்டீஸ் போகணும், அப்புறம் அந்தத் தீர்ப்ப நிறைவேத்தச் சொல்லி நிறைவேற்று மனு போட்டு கோர்ட் உத்தரவு போடணும், அதுக்கப்புறம்தான் கம்பெனிக்கு அது வரும். ஏஜென்ட் அனுப்பற பிடிஎஃப்புக்கோ வக்கீல் நோட்டீஸுக்கோ பயந்து நாங்க ஒரு ரூபா பிடிச்சாலும் தப்பு எங்க மேலதான். அப்படி நிஜமாவே கோர்ட் ஆர்டர் வந்தாலும் முழுச் சம்பளத்தையும் தொட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவுல மொத ஆயிரம் ரூபாயும், மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் சம்பளக்காரனுக்குன்னு இருக்கு. எங்க தம்பிக்கு 25,000 சம்பளம்னு வைங்க, ஆயிரம் போக 24,000, அதுல 16,000 அவனுக்கு, ஆக 17,000 பத்திரம், 8,000தான் பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாசம்தான், அதுக்கு மேல அந்தத் தீர்ப்ப வச்சு சம்பளத்த பிடிக்கவே முடியாது. ஜீவனாம்சத்துக்கு கணக்கு வேற, அது வேற கதை. இதுல அந்த மொத ஆயிரம்ங்கறது 400 ரூபாயா இருந்து 2002ல ஆயிரமா ஆனது, அப்புறம் யாரும் அத ஏத்தணும்னு நினைக்கல, இன்னிக்கு ஆயிரத்த எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனா ரெண்டு பை நிறையறதில்ல.

இன்னொண்ணு, இது எங்க ஊருக்கு ரொம்ப முக்கியம். அதே 60வது பிரிவுல தொழிலாளி கூலிய ஜப்தியே பண்ணக் கூடாதுன்னு இருக்குங்க. தொழில் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாரும் அதுல வருவாங்க, போனஸும் கூலிக் கணக்குதான். பவர் டேபிள்ல உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு தைக்கற டெய்லர்கிட்ட போய் உன் கூலிய பிடிச்சிருவோம்னு சொல்றது சுத்தப் பொய். இத எங்க செக்கிங் அக்காங்ககிட்ட சாப்பாட்டு நேரத்துல சொன்னப்ப ஒருத்தங்க அழுதுட்டாங்க, மூணு மாசமா ஒருத்தன் போன் பண்ணி போலீஸ் வரும், ஜெயில்னு சொல்லிட்டு இருந்திருக்கான், வீட்டுக்காரருக்குத் தெரியாம காதுத் தோட்ட அடகு வச்சிருக்காங்க. கடன் தீர்ப்புக்காக பொம்பளைங்கள சிவில் ஜெயில்ல வைக்கறதுக்கு சட்டத்துல இடமே இல்ல. ஆம்பளையா இருந்தாலும், கட்ட வழியில்லாதவன வெறும் பாக்கிக்காக உள்ள போடக் கூடாதுன்னு 1980லயே சுப்ரீம் கோர்ட் ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் தீர்ப்பு சொல்லிட்டாரு.

வாங்கின கடன கட்டத்தான் வேணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா எப்படி கட்டறதுங்க? மாசம் மூணரை வட்டி, வருஷத்துக்கு 42 சதவீதம். பாக்கி 60,000ன்னு வைங்க, வட்டி 2,100, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 378, மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் குறைஞ்சது கட்ட வேண்டியது, 5 சதவீதம்னு 3,000 கட்டினா அசல்ல குறையறது 522 ரூபா. தம்பி பதினாலு மாசம் ஒழுங்கா இப்படித்தான் கட்டிட்டு வந்திருக்கான், அவங்கம்மா ஆஸ்பத்திரி செலவுல ரெண்டு மாசம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். முப்பது சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கறது நியாயமில்லன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல சொன்னத, 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அதனால வட்டியப் பத்தி இப்போதைக்கு பேசிப் பிரயோஜனமில்ல.

வசூல் முறையப் பத்தி பேசலாம். ரிசர்வ் பேங்க் 2022 ஆகஸ்ட்ல போட்ட சர்க்குலர்ல காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் போன் பண்ணக் கூடாது, நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தக் கூடாது, வீட்டு ஆளுங்களையும் சிநேகிதங்களையும் தொந்தரவு பண்ணக் கூடாது, பொய்யான தகவல் சொல்லக் கூடாதுன்னு எல்லாம் இருக்கு. அப்ப கம்பெனி பொது நம்பருக்கு போலி ஜப்தி ஆர்டர் அனுப்பறது எதுலங்க சேரும்? அந்தக் காகிதத்த பார்த்ததும் எங்க முதலாளி மொதல்ல கேட்டது, எதுக்கு வம்பு, அவன நிறுத்திடலாமான்னுதான். நல்ல மனுசன்தான், பயந்துட்டாரு. நான் அந்த சீட்டுப் பண கேஸ் ஃபைல எடுத்து பக்கத்துல வச்சுக் காட்டி, நிஜ ஆர்டர் இப்படி இருக்கும்னு சொன்னப்புறம்தான் விட்டாரு.

இனிமேதான் முக்கியமான விஷயமே. தம்பி சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே பேங்க். கார்டு வாங்கறப்ப கையெழுத்து போட்ட அக்ரிமென்ட்ல, பாக்கி இருந்தா எந்தக் கணக்குல இருந்தும் எடுத்துக்கலாம்னு ஒரு வரி இருந்திருக்கு, அத எவன் படிக்கறான், கம்பெனி கேட்டுக்கு வெளிய குடை போட்டு உட்கார்ந்து லைஃப்டைம் ஃப்ரீன்னு சொல்லி வாங்கின கையெழுத்து. ஒண்ணாந்தேதி காலைல நான் சம்பளம் ஏத்தினேன், மத்தியானம் ஏடிஎம்ல போய் நின்னவன் அங்கிருந்தே போன் பண்றான், அக்கா சம்பளம் போடலியான்னு. போட்டாச்சு சாமி, பேங்க்ல லீன் போட்டு, அதாவது கணக்குல இருக்கற பணத்த எடுக்க விடாம பிடிச்சு வச்சு, மொத்தத்தையும் முடக்கிட்டாங்க. வாடகை, பாப்பா ஸ்கூல் வேன், அம்மா மாத்திரை எதுக்குமே ஒரு ரூபா இல்ல. தாவா போட்டு, சாட்சி விசாரிச்சு, தீர்ப்பு சொன்ன கோர்ட்டே 17,000த்த தொடாம விடுது, ஒரு கேஸும் போடாத பேங்க் ஒரு பட்டனத் தட்டி 25,000த்தையும் பிடிச்சு வைக்குது, இது என்ன நியாயம்?

ரிசர்வ் பேங்குக்கு உங்க பேப்பர் வழியா நான் வைக்கற கோரிக்கை இதான். சம்பளமா வந்த பணத்துல லீன் போடறதா இருந்தா, கோர்ட் விட்டு வைக்கற அதே அளவ பேங்கும் விட்டு வைக்கணும், போடறதுக்கு முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.

அதுவரைக்கும் படிக்கறவங்க கார்டு ஒரு பேங்க், சம்பளக் கணக்கு வேற பேங்க்னு வச்சுக்கங்க. மிரட்டல் வந்தா காகிதத்தையும் போன் வந்த நேரத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு மொதல்ல பேங்குக்கு எழுத்துல புகார் கொடுங்க, 30 நாள்ல சரியான பதில் இல்லைன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற அதிகாரிகிட்ட, போகலாம், காசு கேட்கமாட்டாங்க, 14448ல கூப்பிட்டா விவரம் சொல்றாங்க. ஏஜென்ட் நீட்டற எந்தப் பேப்பர்லயும் படிக்காம கையெழுத்து போடாதீங்க, கடைசியா கட்டி மூணு வருஷத்துக்குள்ள அவங்க கேஸ் போடணும், நடுவுல பாக்கி இருக்குன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா அன்னிலேர்ந்து மறுபடி மூணு வருஷம். செட்டில்மென்ட் பேசினா பேங்க் லெட்டர் கைக்கு வந்தப்புறம் பணம் கட்டுங்க.

தம்பி புகார் போட்டு இன்னிக்கு பத்தொம்பது நாள் ஆச்சு, லீன் இன்னும் எடுக்கல. இந்த மாசச் சம்பளத்துக்கு வேற பேங்க் கணக்கு நம்பர் எழுதிக் கொடுத்திருக்கான், நானும் சாஃப்ட்வேர்ல மாத்திட்டேன்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு பார்க்கும் ஒரு வாசகி,
திருப்பூர்