பூட்டிய அறையின் காற்றை அளந்து சொல்லுங்கள்: இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சாயல்குடிப் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். எங்கள் வீட்டு ஏசி அறையில், தரையும் சுவரும் சேரும் மூலையில் நூலிழை அளவு விரிசல் ஒன்று இருக்கிறது. அதன் வழியே எறும்புகள் அடிமணலைக் குருணை குருணையாக மேலே கொண்டுவந்து குவிக்கின்றன. எத்தனை முறை பெருக்கினாலும் மறுநாள் காலையில் அதே இடத்தில் மணல் கிடக்கும். மணல் ஏறி வரும் வழியில் மண்ணுக்குள் இருக்கும் காற்றும் ஏறி வரும் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. திறந்த வெளியில் கலைந்துவிடும் அது, பூட்டிய அறையில் தேங்குகிறது. அது சிதையும்போது உண்டாகும் பொலோனியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தின் துகள்கள் தூசியோடு நுரையீரலில் படிந்து, ஆல்ஃபா கதிர்களால் திசுவைத் தாக்குகின்றன. 1988-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது. வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு 100 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) என்ற அளவையும், அது இயலாத நாடுகளில் 300-ஐத் தாண்டாத அளவையும் உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்தது. பீடி, சிகரெட் குடிப்பவருக்கு இந்த ஆபத்து பல மடங்கு என்பதை எங்கள் ஊர்த் திண்ணைகளை அறிந்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதிரியக்கத் தாது மிகுந்த குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலைப் போன்றது எங்கள் மணல் என்று நான் சொல்லவில்லை. ஊரைக் கலவரப்படுத்துவதும் என் நோக்கமன்று. மாறியிருப்பது வீடுதான். கச்சான் காற்று ஊடுருவிப் போன பனையோலை வீட்டில் எந்த வாயுவும் தங்க வழியில்லை. இன்றோ வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த காங்கிரீட் வீடுகளில், குளிர் வெளியேறாமலிருக்கக் கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்துவிட்டு இரவு முழுவதும் உறங்குகிறோம். சாதாரண ஏசி அறைக்காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை.

ஆகவே, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் அல்லது பல்கலைக்கழக இயற்பியல் துறை ஒன்றின் துணையோடு, தொண்டி முதல் மூக்கையூர் வரை சில ஊர்களைத் தேர்ந்து, உரிமையாளரின் ஒப்புதலுடன் வீடுகளில் அளவீடு செய்ய ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். இதற்கு மின்சாரம் தேவையில்லை; ஆல்ஃபா கதிரின் தடம் பதியும் சிறு படலம் ஒன்றைத் தொங்கவிட்டுப் பின்னர் ஆய்வகத்தில் எண்ணினால் போதும். ஆனால் இரண்டு நாள் அளந்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. வாடைக் காலத்தில் சாத்திய கதவு சித்திரையில் திறந்து கிடக்கும் என்பதால், ஓராண்டுச் சராசரியே நம்பத்தக்கது. மேலும், மண்ணில் உள்ள தோரியம் என்னும் மற்றொரு கதிரியக்கத் தனிமத்திலிருந்து வரும் தோரான் என்னும் உடன்பிறப்பு வாயுவின் அரை ஆயுள், அதாவது பாதியளவு சிதைய ஆகும் நேரம், ஒரு நிமிடத்துக்கும் குறைவு; அது தரையையும் சுவரையும் ஒட்டியே மிகுந்திருக்கும். கட்டிலில் படுப்போரை மனத்தில் வைத்து மட்டும் கருவியைத் தொங்கவிட்டால், பாய் விரித்துப் படுக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று கணக்கில் வராமலே போய்விடும். இரண்டு வாயுக்களையும் பிரித்தறியும் கருவியை, இரண்டு உயரங்களிலும் வைக்கச் சொல்லுங்கள்.

முடிவை முதலில் அந்தந்த வீட்டாருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அளவு மிகுந்திருந்தால் விரிசலை அடைப்பதும், சன்னலைத் திறந்து வைப்பதும் முதற்படி. அவை போதாவிடில் தரைக்கடியில் குழாய் பதித்து, மண்காற்றைச் சிறு விசிறியால் கூரைக்கு மேலே வெளியேற்றும் முறையும் உண்டு. ரேடானின் பெயரைச் சொல்லி வீடு வீடாகக் கருவி விற்க வருவோரையும் தாங்கள் கண்காணிக்க வேண்டும்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். அதற்கு முன் தங்கள் அலுவலகத்தின் பதில் கிடைத்தால், முதல் படலத்தை எங்கள் வீட்டு எறும்பு மூலையிலேயே தொங்கவிடலாம்.

இப்படிக்கு,
கடலோரக் கிராமவாசி ஒருவன்