சருகுமானைப் பார்த்துவிட்டேன்

தாண்டிக்குடி,
வியாழன் இரவு

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே மழை போதும் போதும் என்று ஆகிவிட்டது. மிளகில் இரண்டு கொடிக்கு வாடல். அது கிடக்கட்டும்.

சருகுமானைப் பார்த்துவிட்டேன். உயிரோடு!

எட்டாம் வகுப்பில் பார்த்தோமே, சாக்குப்பைக்கு வெளியே தொங்கிய கால்கள்? பென்சில் தடிமன்தான். நீ முயல் என்றாய், நான் மான்குட்டி என்றேன். இரண்டுமில்லை. அன்று ராத்திரி யார் வீட்டில் சாப்பிட்டோம் என்பதை எழுதமாட்டேன். இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் அதுவும் இருக்கிறது.

ஊற்றுக்குக் கீழே காப்பிக்கு நிழல் தரும் அத்தி மரம் நினைவிருக்கிறதா? அதனடியில் ஒரு வாரமாகக் குளம்புத்தடம். இரண்டு புளியங்கொட்டையைச் சேர்த்துச் சேற்றில் அழுத்தினாற்போல அத்தனை சிறிது. ராத்திரிதான் வெளியே வரும் என்பதால் செவ்வாயன்று ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கொசு பிடுங்கியது. மந்தியும் வௌவாலும் உதிர்த்த பழத்தை மெல்லும் சத்தம் கேட்டு டார்ச் அடித்தேன். ஓடவில்லை, அப்படியே உறைந்து நின்றது. ஒரு அடி உயரம், மிஞ்சிப்போனால் மூன்று கிலோ. விலாவில் வெள்ளைப் புள்ளியும் கோடும். கொம்பே கிடையாது. மேல் உதட்டோரம் சின்னக் கோரைப்பல் நீட்டிக்கொண்டிருந்தது, ஆண்தான். நான் மூச்சு விட்டதும் சருகுக்குள் மறைந்தது. சருகு அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பேர் வைத்தவன் கெட்டிக்காரன்.

பெயரில்தான் மான், ராஜு. குடும்பமே வேறு. அசைபோடும், ஆனால் மாட்டுக்கும் மானுக்கும் நான்கு அறை இரைப்பை என்றால் இதற்கு மூன்றுதான்.

நிழல் அதிகமாகிவிட்டது என்று அந்த அத்தியின் கிளைகளைக் கழிக்க ஆள் சொல்லியிருந்தேன். வேண்டாம் என்றுவிட்டேன். மகன் காரணம் கேட்டான், மழை என்று சமாளித்தேன். பக்கத்துத் தோட்டத்து நாய்களை நினைத்தால்தான் பயம். அதனால் உன்னைத் தவிர ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

டிசம்பரில் காப்பிப் பழம் எடுக்கும்போது வா. மரத்தடியில் உட்காரலாம். அதற்குள் பீடியை விட்டுவிடு, நீ ஒரு தடவை இருமினால் போச்சு.

அன்புடன்,
சுப்பு