ஆண்டிபட்டிக்காரி என்று தயங்காமல் சொல், தாயி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பா தறியில் இருக்கிறார்.

உன் ஆபீசில் ஒருவர், "ஆண்டிபட்டியா? ரெட்டை இலையில் யாரை நிறுத்தினாலும் ஜெயிக்க வைக்கிற ஊர்தானே" என்று சொன்னதாகவும், என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டதாகவும் போனில் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது பாதி, நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது மீதி. முழுசாக உனக்கு யாரும் சொன்னதில்லை.

1977இல் அ.தி.மு.க. தமிழ்நாட்டில் முதல்முதலாகச் சட்டமன்றப் பொதுத்தேர்தலைச் சந்தித்தபோதே ஆண்டிபட்டி அந்தக் கட்சிக்குத்தான் போட்டது. 1980இல் எஸ்.எஸ்.ராஜேந்திரன் இங்கே நின்றார். சினிமா நடிகர் என்று மட்டும் நினைக்காதே. அவர் சேடபட்டிக்காரர், நமக்குப் பக்கத்து ஊர். 1962இலேயே தேனியில் தி.மு.க. சார்பில் ஜெயித்துச் சட்டமன்றம் போனவர். இந்தியாவில் தேர்தலில் நின்று எம்.எல்.ஏ. ஆன முதல் நடிகர் அவர்தான். நம்ம பக்கத்துச் சனத்துக்கு அவர் உறவுக்காரர் மாதிரி. அதனால் அந்த ஜெயிப்பில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

1984தான் பெரிய கதை. அப்போது ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு அதுதான் முதல் ஓட்டு. அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அந்த மாதக் கடைசியிலேயே இந்திரா காந்தியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நவம்பரில் எம்.ஜி.ஆரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், நியூயார்க் பக்கம் புரூக்ளின் என்ற இடத்து ஆஸ்பத்திரி. அவர் ஆண்டிபட்டியில் நிற்கிறார் என்று அறிவிப்பு வந்தபோது தெருவே திகைத்துப்போனது. வேட்பாளர் இல்லாத பிரச்சாரம் அது. அவர் ஒருநாள்கூட ஊருக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் வீடியோவில் எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். திரைக்கு முன்னால் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள், நானும் அழுதேன்.

டிசம்பர் 24 ஓட்டுப்பதிவு. எதிர்த்து நின்ற தி.மு.க.வின் வல்லரசைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வாக்கு எம்.ஜி.ஆருக்கு விழுந்தது. 1985 பிப்ரவரியில்தான் அவர் திரும்பி வந்து மறுபடி முதலமைச்சராகப் பதவி ஏற்றார்.

இதைத்தான் வெளியூரில் குருட்டு விசுவாசம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை தாயி. 1982இல்தான் சத்துணவு வந்தது. தறி ஓடாத மாதத்தில் நம்ம தெருவில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் மத்தியானச் சோற்றுக்குப் பள்ளிக்கூடம் போனார்கள் என்று நான் கண்ணால் பார்த்தவள். சோறு போட்ட மனுசன் நோயில் கிடக்கும்போது அவருக்கு ஓட்டுப் போட்டோம். அதில் கணக்கும் உண்டு, பாசமும் உண்டு. இரண்டையும் சேர்த்து நினைக்கத் தெரிந்த சனம் நாங்கள்.

அது குருட்டு விசுவாசம் இல்லை என்பதற்கு 1989ஐப் பார். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்தார். ஜானகி அம்மாள் 24 நாள் முதலமைச்சராக இருந்தார், ஆட்சி கலைந்தது, கட்சி இரண்டானது, இரட்டை இலைச் சின்னத்தை முடக்கிவிட்டார்கள். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. கணவர் ஜெயித்த தொகுதி என்று ஜானகி அம்மாள் ஆண்டிபட்டிக்கே வந்தார். எம்.ஜி.ஆருக்காக அழுத அதே தெருக்களில் வந்து ஓட்டுக் கேட்டார். சனம் மரியாதையாகத்தான் வரவேற்றது. ஆனால் ஓட்டு எண்ணியபோது ஜெயித்தது தி.மு.க.வின் ஆசையன். கணவர்மேல் இருந்த பிரியம் மனைவிக்கு வாக்காக மாறவில்லை. நான் யாருக்குப் போட்டேன் என்று உன் அப்பாவிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் இதைச் சொல்வேன்: அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்தப் பாவத்துக்காக மட்டும் ஐந்து வருசத்தைக் கொடுத்துவிட முடியாது என்றுதான் எங்கள் வீதியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதே தேர்தலில் பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா ஜெயித்தார். முதன்முதலாக அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியதும் நம்ம பக்கம்தான்.

1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு மாநிலமே அ.தி.மு.க. பக்கம் சாய்ந்தது, நாங்களும் சாய்ந்தோம். 1996இல் மறுபடி ஆசையன். அந்த இரண்டு தேர்தலைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த ஊர் யார் நின்றாலும் ரெட்டை இலைக்கே போடும் என்று சொல்கிறவர்கள் 1996ஐ ஏன் மறந்துவிடுகிறார்கள் என்றுதான் புரியவில்லை.

2001இல் ஜெயலலிதா நான்கு இடத்தில் மனு கொடுத்தார், ஆண்டிபட்டி அதில் ஒன்று. நீ இப்போது இருக்கும் மாவட்டத்துக் கிருஷ்ணகிரியும் அதில் உண்டு. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் கிடைத்த தண்டனையாலும், இரண்டு தொகுதிக்கு மேல் மனு கொடுக்கக்கூடாது என்ற சட்டத்தாலும் நான்கும் தள்ளுபடி. இங்கே தங்க தமிழ்ச்செல்வன் நின்று ஜெயித்தார். எம்.எல்.ஏ. ஆகாமலே ஜெயலலிதா முதலமைச்சரானார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அப்போது அந்த நாற்காலிக்கு வந்த ஓ.பன்னீர்செல்வம் பக்கத்துப் பெரியகுளம் எம்.எல்.ஏ. மேல்முறையீட்டில் ஜெயலலிதா விடுதலையான பிறகு தங்க தமிழ்ச்செல்வன் பதவி விலகி இடம் கொடுத்தார். 2002 பிப்ரவரி 21 இடைத்தேர்தல். ஊருக்குள் கார்களைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. 41,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசம். மார்ச் 2ஆம் தேதி அவர் மறுபடி முதலமைச்சர்.

முதலமைச்சர் தொகுதி என்பதால் என்ன கிடைத்தது என்று நீ கேட்பாய். க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கிடைத்தது. அதற்கு முன்னால் பெரிய நோய் என்றால் கணவாய் தாண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். உன் பாட்டியை அப்படித்தான் ராத்திரியில் வாடகைக் காரில் கொண்டுபோனோம், உசிலம்பட்டி தாண்டும்வரை மூச்சு இருக்கிறதா என்று கையை மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். இன்றைக்கு வருசநாட்டு மலையில் இருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி க.விலக்குக்கு வந்துவிட முடிகிறது. இதை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன். ஓட்டுக்குக் கிடைத்த நல்ல கூலி இது.

கிடைக்காததும் உண்டு. வைகை அணை நம்ம தொகுதிக்குள்தான் இருக்கிறது. 1959இல் திறந்தது, 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். அங்கே இருந்து மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் தண்ணீர் போகிறது. போகட்டும், அவர்களும் விவசாயிகள்தான். ஆனால் அணைக்குப் பக்கத்திலேயே ஆண்டிபட்டி ஒன்றியத்துக் கண்மாய்கள் காய்ந்து கிடக்கின்றன. மல்லிகைத் தோட்டத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டு நிலம் சல்லடையாகிவிட்டது. இரண்டு முதலமைச்சர்களைத் தேர்ந்தெடுத்த தொகுதி, தன் கண்மாய்க்குத் தண்ணீர் கேட்டு இன்னும் மனு எழுதுகிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஓட்டுப் போட்டதற்காக நான் என்றும் வருந்தியதில்லை. போட்ட பிறகு விடாமல் கேட்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

இதையும் அந்த ஆபீஸ்காரரிடம் சொல். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் பெரியகுளம் தொகுதியில் அ.தி.மு.க.வின் டி.டி.வி.தினகரனைத் தோற்கடித்துக் காங்கிரஸ் ஆரூணை அனுப்பினார்கள். அப்போது ஆண்டிபட்டியும் அந்தத் தொகுதியில்தான் இருந்தது. இரண்டு வருசம் கழித்து, மாநிலத்தில் அ.தி.மு.க. ஆட்சியையே இழந்த 2006இல், ஆண்டிபட்டியில் ஜெயலலிதா 25,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். யாருக்குப் போடுகிறோம், எந்தச் சபைக்குப் போடுகிறோம் என்று பிரித்துப் பார்த்துத்தானே போட்டிருக்கிறார்கள்?

2011இல் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் போனார். மறுபடி தங்க தமிழ்ச்செல்வன், 2016இலும் அவரே. ஜெயலலிதா இறந்த பிறகு அவர் தினகரன் பக்கம் போனார். 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்த 18 பேரில் அவரும் ஒருவர். ஒன்றரை வருசத்துக்கு மேல் நமக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்கக்கூட யாரிடம் போவதென்று தெரியாமல் சனம் அலைந்தது.

2019 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல். அப்போது நடந்ததுதான் எனக்கு மறக்கவே மறக்காது. தி.மு.க.வில் அண்ணன் மகாராஜன், அ.தி.மு.க.வில் தம்பி லோகிராஜன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எதிரெதிராக ஓட்டுக் கேட்டு வந்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் ஏசாமல் கேட்டால் நல்லது என்று அவர்கள் தாயை நினைத்து நான் வேண்டிக்கொண்டேன். ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி ஊருக்குள் சோதனை. தினகரன் கட்சியான அ.ம.மு.க.வின் அலுவலகம் இருந்த கட்டடத்தில் 1.48 கோடி ரூபாய் பிடிபட்டது. கூட்டத்தைக் கலைக்க போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. நம்ம ஊர் பெயர் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது அன்றைக்குத்தான், அதுவும் இப்படி. காசு கொடுத்து வாங்கும் ஓட்டு என்று நம்மைப் பார்த்துச் சொல்ல வைத்துவிட்டார்களே என்று எனக்கு அன்று தூக்கமே இல்லை.

ஆனால் முடிவைப் பார். சட்டமன்றத்துக்கு அண்ணன் ஜெயித்தார், 12,000 வாக்குகளுக்கு மேல். அதே நாளில் பதிவான ஓட்டில் தேனி நாடாளுமன்றத் தொகுதி அ.தி.மு.க.வுக்குப் போனது. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் அந்தக் கட்சி ஜெயித்த ஒரே தொகுதி அது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நின்ற இடத்தில் உதயசூரியன், மாநிலமே உதயசூரியன் பக்கம் போனபோது தேனியில் ரெட்டை இலை. 2021இல் அண்ணனும் தம்பியும் மறுபடி மோதினார்கள். மறுபடி அண்ணன்தான், ஆனால் வித்தியாசம் 9,000க்குள் சுருங்கியது. தங்க தமிழ்ச்செல்வன் தி.மு.க.வுக்கு வந்து, 2024இல் தினகரனையே தோற்கடித்துத் தேனி எம்.பி. ஆகிவிட்டார். தலைவர்கள் இத்தனை இடம் மாறும்போது சனம் மட்டும் மாறக்கூடாதா?

உன் பெயரை ஓசூர் பட்டியலுக்கு மாற்றப்போவதாகச் சொன்னாய். மாற்றிக்கொள், படிவம் 8 கொடுத்தால் போதும். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக்கூடாது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, குடியிருக்கும் இடத்து ரோட்டுக்கும் தண்ணீருக்கும் அங்கேதான் கேட்க வேண்டும். மருமகன் பெயரையும் சரிபார்த்துக்கொள்ளச் சொல்.

உனக்குப் பக்கத்தில் பர்கூர் இருக்கிறது. 1991இல் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்து முதலமைச்சராக்கிய தொகுதி. 1996இல் முதலமைச்சராக இருந்தவரையே அங்கே தி.மு.க.வின் சுகவனம் தோற்கடித்தார். உன் ஆபீசில் பர்கூர்ப் பக்கத்துப் பெண்கள் யாராவது இருந்தால், அவர்கள் அம்மாவோ பாட்டியோ அந்த வருசம் என்ன நினைத்து ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டுப்பார். கேட்டதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா
சக்கம்பட்டி