உடம்புக்குப் பழகிடும்னு எழுதிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார மருத்துவப் பக்கத்துல "அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டா உடம்புக்குப் பழகிடும், அப்புறம் வேலை செய்யாது"ன்னு ஒரு வரி வந்திருக்கு. டெல்லி ஆஸ்பத்திரி லேப்ல 31 வருஷம் கல்ச்சர் போட்டு, அதாவது கிருமிய வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும்னு பாத்தவ நான், அதப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. மாறறது கிருமி சார், உடம்பு என்ன பண்ணும். பென்சிலின் வகை மருந்துக்குள்ள நாலு அணு சேர்ந்த சின்ன வளையம் ஒண்ணு இருக்கு, மருந்தோட உயிரே அதுலதான், கிருமி பீட்டா லாக்டமேஸ்னு ஒரு என்சைமை விட்டு அத ஒடைச்சுப் போட்டுடும். இத 1940லயே ஆபிரகாமும் செயினும் எழுதிட்டாங்க, அப்ப பென்சிலின் ஜனங்க கைக்கே வரல. உங்களுக்குத் தெரியாததில்ல.

2010லயும் இப்படித்தான், "டெல்லி கிருமி"ன்னு பெருசா போட்டீங்க. என்டிஎம்-1 கிருமியோட பேரு இல்ல, மருந்த ஒடைக்கற இந்த மாதிரி ஒரு என்சைமோட பேரு, அதோட ஜீன் பிளாஸ்மிட்ங்கற சின்ன டிஎன்ஏ வளையத்துல ஏறி ஒரு பாக்டீரியாலேர்ந்து வேற வகை பாக்டீரியாவுக்கும் தாவும்னு அன்னிக்கே லெட்டர் எழுதினேன், வரல. என்டிஎம்-1 பத்தின அந்த ஆராய்ச்சியில சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரங்க இருந்தாங்க, அதுக்கும் ஒரு வரி இல்ல.

என் வீட்டுக்காரர் ஜுரம்னாக்கூட கஷாயம் குடிச்சே படுத்துக்கறவர். ரெண்டு வருஷம் முன்னாடி யூரின் இன்ஃபெக்‌ஷன், கிளெப்சியெல்லாங்கற பாக்டீரியா. ரிப்போர்ட்ல வரிசையா ஆர், ஆர், ஆர், அதாவது ரெசிஸ்டன்ட், மருந்து கேக்காது; பெரிய மருந்தான மெரோபெனம் எதிர்லயும் ஆர். மருந்த ஒடைக்கற என்சைமைத் தடுக்கன்னே கிளாவுலானிக் ஆசிட் சேர்த்த மாத்திரை உண்டு, ஆனா அது சில என்சைமைத்தான் தடுக்கும், என்டிஎம் கிட்ட அது பலிக்காது. கடைசியா கோலிஸ்டின்ங்கற மருந்து, கிட்னிய பாதிக்கும்னு சொல்லித்தான் ஏத்தினாங்க. பொழைச்சார், ஆனா கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினின் அளவு இன்னும் எறங்கல. பாக்க வந்த நாத்தனார் வார்டுலயே, "லேப்ல இருந்துண்டே மாத்திரையா குடுத்து அவன் உடம்ப இப்படிப் பழக்கிட்டியே"ன்னா. அதே வார்த்தைய உங்க பேப்பர்ல பாத்தா எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

மாத்திரையே சாப்பிடாதவனுக்கும் இந்த மாதிரி மருந்துக்கு அடங்காத கிருமி வரும் சார். டெல்லி குழாய்த் தண்ணி 50 சாம்பிள்ல 2லயும், தேங்கின தண்ணி 171ல 51லயும் அந்த என்டிஎம்-1 ஜீன் இருந்துதுன்னு 2011லயே வந்தாச்சு. உடம்புக்குப் பழகிடும்னு சொன்னா, 'நான்தான் சாப்பிடறதே இல்லியே'ன்னு பாதிப் பேர் நிம்மதியா இருந்துடுவாங்க, மீதிப் பேர் மெடிக்கல்ல மூணு மாத்திரை வாங்கி முழுங்கிட்டு 'எனக்கு இன்னும் பழகல'ம்பாங்க.

1988லேர்ந்து உங்க சந்தாதாரர் நான், எப்பவும் எதுவும் கேட்டதில்ல. அடுத்த வாரம் அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல, ரெண்டு வரி திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விஹார், டெல்லி