70 டிகிரியில் நிற்கும் முள்

அன்புள்ள சேவியர்,

கடிதமும் படமும் கிடைத்தன. புகையில் சுட்ட மாட்டுக்கறி மேலே கருகி, உள்ளே ரப்பர் மாதிரி இழுக்கிறது, ஆறு மணி நேரம் போட்டும் வேகவில்லை என்று எழுதியிருக்கிறாய். உள்சூடு 74 டிகிரியில் இறக்கினாய் அல்லவா, சக் ரோஸ்ட்டுக்கு (மாட்டின் தோள்பட்டைக் கறி) அதைவிட மோசமான இடம் கிடையாது. தசை இழைகள் சுருங்கித் தண்ணீரைக் கக்கியிருக்கும். நடுவே ஓடும் ஜவ்வோ இன்னும் கரைந்திருக்காது. உள்சூடு 95க்குப் போக வேண்டும்.

70ஐ ஒட்டி வெப்பமானியின் முள் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றது அடுப்பின் கோளாறு இல்லை. கறியின் மேல்பக்கம் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். நீ பொறுமையிழந்து கரியை அள்ளிப் போட்டிருப்பாய், கருகியது அதனால். அந்தக் கட்டத்தில் கறியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிடு. ஆவி போக வழியில்லாமல் முள் தானாக ஏறும்.

மசாலாவுக்கு வருகிறேன். பப்பாளிக்காய் அரைத்துத் தடவினாயாமே! வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்புக்குச் சரி, இதற்கு வேண்டாம். அந்த நொதி 60, 70 டிகிரியில்தான் வெறிகொண்டு வேலை செய்யும். மெதுவாகச் சூடேறும் கறி அந்த எல்லையில் மணிக்கணக்கில் கிடப்பதால் மேல்தோல் மாவாகிவிடும். அது உள்ளேயும் போகாது. ஊறலில் ஆழமாக இறங்குவது உப்பு ஒன்றுதான், மற்றவை சில மில்லிமீட்டரோடு சரி.

2 கிலோ கறிக்கு உப்பு 20 கிராம், சோயா சாஸ் 60 மில்லி (அதிலேயே 10 கிராம் உப்பு வந்துவிடும்), வொர்ஸ்டர்ஷயர் சாஸ் 2 மேசைக்கரண்டி, வினிகர் 1, எண்ணெய் 2, நசுக்கிய பூண்டு 8 பல். ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. சர்க்கரை வேண்டாம், கருகும். டெக்ஸஸ்காரர்கள் இவ்வளவையும் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு உப்பும் மிளகும் போதும். எடுத்ததும் பூண்டுத் துணுக்குகளை வழித்தெறி, கசக்கும். ஈரத்தைத் துடைத்து, ஒன்றிரண்டாக உடைத்த மிளகை அப்பி, குளிர் போகுமுன்னே அடுப்பில் வை. குளிர்ந்த கறியில்தான் புகை நன்றாகப் பிடிக்கும்.

உன் 22 அங்குலக் கெட்டிலில் (மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பு) ஒரு பக்கம் மட்டும் 60 கரிக்கட்டி பற்றவைக்காமல் குவி. தனியே கனிந்த 10 கட்டிகளை அதன்மேல் வை, புகைக்கு ஓக் மரத்துண்டு மூன்று. மெஸ்கீட் மரம் வேண்டாம், நீண்ட நேரத்துக்கு அதன் புகை காரம். மறுபக்கம் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே கறி. கீழ்த்துளை கால் பங்கு. மேல்துளை முழுக்கத் திறந்து கறிக்கு நேரே. முதலில் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும். அப்போது கறியை வைத்தால் தார் கசப்பு ஏறிவிடும். ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக, நீலம் தட்டியபின் வை. கறி இருக்கும் கம்பி மட்டத்தில் 115 முதல் 120 வரை இருக்கட்டும். மூடியில் இருக்கும் முள்ளை நம்பாதே, அது மேல்காற்றின் சூட்டைக் காட்டுகிறது.

70க்கு வர நான்கு மணி நேரம், சுற்றியபின் இன்னும் மூன்று, ஏறத்தாழ. 92லிருந்தே குத்திப் பார். அவித்த கிழங்கில் இறங்குவது போல ஊசி இறங்க வேண்டும். ஓரிடத்தில் தடுத்தாலும் இன்னும் அரை மணி நேரம். பிறகு தாளோடு பழைய துண்டில் சுற்றி ஒரு மணி நேரம் மூடி வை. நாருக்குக் குறுக்கே வெட்டு.

அடுத்த முறை ரவுண்ட் (பின்தொடைக் கறி) வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு இதெல்லாம் பொருந்தாது: ஜவ்வும் கொழுப்பும் குறைவு, 54ல் எடுத்துத் தாள்போல மெல்லிசாக வெட்ட வேண்டும். 95 வரை விட்டால் விறகுதான்.

தாளில் தேங்கும் சாற்றைக் கொட்டிவிடாதே. கொழுப்பை வழித்துவிட்டு, மறுநாள் மிச்சக் கறியை அதிலேயே சுட வை. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாலன்