வெள்ளை ஆற்றின் வளைவில்

வலென்சியா, ஸ்பெயின்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து கண்கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. மாந்துளிர் செம்பு நிறம் என்பதே மறந்துபோயிருந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த முறை உனக்கு நிறங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

மகள் வீடு துரியா ஆற்றின் பழைய கரையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை. 1957 அக்டோபரில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய படுகை இப்போது நீண்ட பூங்கா. தினமும் அந்தப் பாலங்களுக்கு அடியில் நடக்கும்போதெல்லாம் இந்த ஆறு ஓடும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் அரித்தது. சென்ற வாரம் கிளம்பிவிட்டோம்.

தெருவேல் நகருக்கு மேலே இதே ஆற்றுக்குக் குவாதலவியார் என்று பெயர். வெள்ளை ஆறு என்று பொருள்படும் அரபுச் சொல். அங்கிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டரில் அல்பராசின், ஆயிரம் பேர் மட்டுமே வாழும் மலையூர். 11ஆம் நூற்றாண்டில் இங்கே தனியரசு நடத்திய பனூ ரஸீன் என்ற வட ஆப்பிரிக்க பெர்பர் இனக் குடும்பத்தின் பெயர்தான் ஊருக்கும் நிலைத்திருக்கிறது.

வருகிறவர்கள் எல்லாரும் மதிலேறி அந்தாதோர் கோபுரத்தடியில் நின்று படமெடுக்கிறார்கள். நாங்களும் ஏறினோம். ஊர் முழுவதும் தெரிகிறது, உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஊரை மேலிருந்து பார்ப்பது பாதிதான். ஆறு ஊரைச் சுற்றி வளைந்து போகிறது. அந்த வளைவை ஒட்டிக் கீழே ஒரு நடைபாதை இருக்கிறது. சில இடங்களில் பாறையோடு சேர்த்துப் பொருத்திய மரப்பலகை மேல், நீருக்கு மேலாகவே நடக்க வேண்டும். பெருஞ்சாலை குன்றுக்கு அடியில் சுரங்கமாகப் போய்விடுவதால் வண்டிச் சத்தமும் இல்லை. மஞ்சளாகப் பழுத்த பாப்லர் இலைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தேன். பாறை எங்கே முடிகிறது, வீட்டுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இந்த வட்டாரத்துச் செந்நிற ஜிப்சத்தைக் குழைத்துத்தான் சுவர்களைப் பூசியிருக்கிறார்கள். மண்ணின் நிறமே வீட்டின் நிறம். காலையில் அது பழுத்த கொய்யாவின் உட்புறம்போல் இருந்தது, மாலையில் காவியாகிவிட்டது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாதையில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் இரண்டே பேர்.

ஊர்ச் சதுக்கத்தில் நகராட்சிக் கட்டடத்தின் ஓரமாகவும் ஆற்றைப் பார்த்தபடி ஒரு சிறு திறப்பு உண்டு. காப்பி குடிக்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. தெற்கு முனையில் வெள்ளைக் கோபுரம். அங்கே அடைபட்டு இறந்த பிளாங்கா என்ற இளவரசி முழுநிலவு இரவுகளில் ஆற்றில் நீராட இறங்குகிறாள் என்பது ஊர்க்கதை.

மறுநாள் பார்த்ததை நீ கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த ஆற்று நீரைச் செல்யா என்ற ஊருக்குக் கொண்டுபோக ரோமானியர்கள் ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி மலையைக் குடைந்து போகிறது. ஹேயா என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்தச் சுரங்கத்துக்குள் நாமே நடக்கலாம். வெட்டிய கல்லை வெளியே தள்ளப் பக்கவாட்டில் சன்னல்கள் விட்டிருக்கிறார்கள். இருட்டுக்குள் நடந்து வந்து அப்படி ஒரு சன்னலில் நின்றால், எதிரே வெயிலில் காயும் பள்ளத்தாக்கு. யாரும் பார்ப்பதற்காக வெட்டாத சன்னல் அது. உன் கண்கட்டு அவிழ்ந்த நேரம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று எண்ணிக்கொண்டேன்.

மாலையில் ரோதேனோ பைன் காட்டுக்குப் போனோம். சிவந்த மணற்கல் பாறைகள், முன்பு பிசின் எடுக்கக் கீறிய தழும்போடு நிற்கும் மரங்கள். ஒரு பாறைக் குடைவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெள்ளை நிறத்தில் தீட்டிய காளைகள். இந்த வகை ஓவியங்கள் 1998 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்கின்றன. சிவப்பின் மேல் வெள்ளையைத் தேர்ந்தெடுத்த அந்தக் கையை நீ பாராட்டியிருப்பாய்.

சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள். தை பிறந்ததும் வந்துவிடுவேன். ஆற்றோரத்திலிருந்து எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சுவர்களின் சிவப்பு அதில் சரியாக விழவில்லை. எந்தெந்த வண்ணம் கலந்தால் அது வரும் என்று யோசித்து எழுது.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்