என்லார்ஜரை பங்காருக்கு போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பூர்ல இருந்து எழுதறேன். போன மாசம் இங்க ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவ காலி பண்ணாங்க, உள்ள இருந்த என்லார்ஜர, அதான் நெகட்டிவ்ல இருந்து பேப்பர்ல பெருசா படம் போடற மெஷின, பங்கார்காரர் (பழைய இரும்பு வாங்கறவர்) தராசுல ஏத்திட்டு இருந்தாரு. நான் ஓடிப்போய் பாக்கறதுக்குள்ள லென்ஸ யாரோ கழட்டிட்டாங்க, நெகட்டிவ் வைக்கற ஃப்ரேமும் காணோம், ரெண்டும் இல்லாம அது வெறும் இரும்பு தான். அன்னிலேருந்து மனசு ஆறல.

வீட்ல டார்க்ரூம், அதான் பிரிண்ட் போடற இருட்டறை, வைக்க இடம் ஏதுன்னு நெனச்சு தான் நிறைய பேர் இத தூக்கிப் போடறாங்க. எங்க பாத்ரூம் ஆறடிக்கு நாலடி. வாஷிங் மெஷின் மேல என்லார்ஜர், கீழ பலகை போட்டு மூணு ட்ரே: படத்த வரவைக்கற டெவலப்பர், அத நிறுத்தற ஸ்டாப் பாத், படம் அழியாம நிக்க வைக்கற ஹைப்போ. ஜன்னலுக்கு கருப்பு அட்டை, கதவு இடுக்குக்கு பழைய போர்வை, ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சா போதும்.

போட்டோ பேப்பர் கெடாம இருக்க உள்ள போடற சிவப்பு லைட்டுல தான் ரொம்ப பட்டேன். சாதா சிவப்பு ஜீரோ வாட் பல்பு வாங்கி மாட்டினேன், பிரிண்ட்ல வெள்ளையே வரல, எல்லாம் சாம்பல் பூத்தாப்புல இருந்துச்சு, பேப்பர் தான் கெட்டுப்போச்சுன்னு ஒரு பாக்கெட்டையே தூக்கிப் போட்டேன். அப்புறம் ஸ்டுடியோல வேலை பாத்த ஒரு பெரியவர், "பேப்பர் மேல ஒரு ரூபா காச வச்சு அந்த லைட்லயே அஞ்சு நிமிஷம் விட்டு டெவலப் பண்ணிப் பாரும்மா"ன்னாரு. காசு இருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டமா நின்னுச்சு. பல்பு பெயிண்ட் வழியா வெளிச்சம் கசிஞ்சிருக்கு.

டெவலப்பர் 20 டிகிரி இருக்கணும், மே மாசத்துல நம்ம குழாய்த் தண்ணியே 30 கிட்ட வருது, அதனால ட்ரேக்கு அடில ஐஸ் தண்ணி டப். தண்ணி காலைல ரெண்டு மணி நேரம் மட்டும் வர்ற பில்டிங்னா பிளாஸ்டிக் பூச்சு உள்ள ஆர்சி பேப்பர் வாங்குங்க, ரெண்டு மூணு நிமிஷம் கழுவினா போதும், ஃபைபர் பேப்பருக்கு ஒரு மணி நேரம் ஆகும். தீர்ந்த ஹைப்போவ சிங்க்ல ஊத்தாதீங்க, அதுல வெள்ளி கரைஞ்சிருக்கும்.

இவ்வளவும் எதுக்குன்னா, அப்பா ஆக்ஃபா க்ளிக் 3 கேமராவுல எடுத்த நெகட்டிவ் ஒண்ணு, தாராவி வீட்டு வாசல்ல அம்மா நிக்கறது. ட்ரேல முதல்ல அம்மாவோட தலைமுடி வந்துச்சு, அப்புறம் கீழ தரைல கருப்பா ஏதோ, முகம் கடைசில தான். அம்மா குனிஞ்சு பாத்துட்டு "அது உங்கப்பா நிழல்டி"ன்னாங்க. அப்ப ஸ்டுடியோல போட்டுக் குடுத்த பிரிண்ட்ல அந்த ஓரத்த வெட்டிட்டாங்க, இத்தன வருஷமா எங்க யாருக்கும் தெரியாது.

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸோட 'இந்து' பேப்பர் நின்னு போச்சு, ஆனா இங்கிலாந்துல இருந்து இல்ஃபோர்ட் பேப்பர் வருது, விலை ஜாஸ்தி தான், டெஸ்டுக்கு விரல் அகலத்துக்கு வெட்டி வச்சுக்கறேன். டெவலப்பர் கலக்கற மெட்டால், ஹைட்ரோகுவினோன் மாதிரி கெமிக்கலுக்கு இங்க மும்பைல பிரின்சஸ் ஸ்ட்ரீட் கடைங்க இருக்கு. மெஷின் தான் குறைஞ்சுட்டே வருது, புதுசு வாங்க கட்டுபடியாகாது.

ஸ்டுடியோ மூடறவங்க, பரண்ல என்லார்ஜர் கிடக்கறவங்க, தயவுசெஞ்சு லென்ஸையும் ஃப்ரேமையும் பிரிக்காம அப்படியே வச்சிருங்க, அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேளுங்க. பங்கார்காரர் குடுக்கற காச விட கூடவே குடுக்க நாங்க இருக்கோம்.

இப்படிக்கு
ஒரு வாசகி, செம்பூர், மும்பை